ஒரு புழுவும் பல சிறகுகளும்: ஆடுபவருக்கேற்ப மாறும் விளையாட்டு உயிரிகள்

வீடியோ கேம்களில் ஒரே உயிரி பல தோற்றங்களில் வருவதும், அந்தத் தோற்றங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது ஆட்டத்தின் பெரும்பகுதியாகிவிடுவதும் ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பழக்கம். நிறம் மட்டும் மாறிய மீன், முகத்துப் புள்ளிகள் இடம் மாறிய பாண்டா, ஊருக்கு ஊர் சிறகுக் கோலம் மாறும் வண்ணத்துப்பூச்சி என்று இந்த மாற்றுருக்களின் பட்டியல் நீளமானது. இவற்றில் பெரும்பாலானவை சண்டைக்கு உதவுவதில்லை. வலிமையோ வேகமோ கூடுவதில்லை. ஆனாலும் சாதாரண உயிரிகளைவிட இவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். மாற்றுருக்களில் ஒரு பகுதி வெறும் தற்செயலால் பிறக்கிறது. இன்னொரு பகுதி ஆடுபவர் யார், எங்கே இருக்கிறார், எப்போது ஆடுகிறார், என்ன செய்தார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பிறக்கிறது. இந்த இரண்டாம் வகைதான் இங்கே ஆராயப்படுகிறது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை போக்கிமான் வரிசையைச் சேர்ந்தவை. இந்தத் துறையில் அந்த வரிசை அளவுக்கு நீண்ட காலம், விதவிதமாக முயன்று பார்த்த ஆட்டம் வேறில்லை. இடத்தோடு பிணைந்த மாற்றுருக்களுக்கு வரும்போது, கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரைத் தாண்டி இருக்கும் கவுஞ்சி அளவுகோலாகிறது. பெருநகரத்தை மனத்தில் வைத்து வகுத்த விதிகள் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் ஒரு மேல்மலைக் கிராமத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால்தான் அவற்றின் உண்மையான இயல்பு தெரியும்.

பூச்சி பிடித்த பையனின் ஆட்டம்

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வயலும் குளமுமாக இருந்த இடங்களில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். அந்த நிலம் கட்டடங்களால் நிறைந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பூச்சி சேகரிக்கும் மகிழ்ச்சியைக் கொடுக்க வேண்டும் என்பதே ஆட்டத்தின் விதையாக இருந்தது. கேம் பாய் கருவிகள் இரண்டை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போவதாக அவர் கற்பனை செய்தார். 1996 பிப்ரவரி 27இல் ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்றில் கிடைக்கும் சில உயிரிகள் மற்றதில் கிடைக்காது. எல்லாவற்றையும் சேர்க்க விரும்புபவர் மற்றப் பதிப்பு வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும்.

பின்னால் வந்த மாற்றுருக்கள் அனைத்துக்கும் அடிப்படை இந்த ஏற்பாடுதான். சேகரிப்பை வேண்டுமென்றே முழுமையில்லாமல் கொடுத்து, மிச்சத்தை இன்னொரு மனிதரின் கையில் வைத்துவிடுவது. இதை வணிகத் தந்திரம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. இரண்டு பதிப்பையும் ஒருவரே வாங்கிவிட முடியும் என்பது உண்மை; ஆனால் பள்ளி மைதானத்தில் கம்பியை இணைத்து மாற்றிக்கொண்ட பிள்ளைகளின் எண்ணிக்கைதான் இந்த ஆட்டத்தை வளர்த்தது.

1999இல் வந்த தங்கம், வெள்ளி பதிப்புகளில் நிறம் மாறிய உயிரிகள் முதன்முறையாக வந்தன. ஆட்டக்காரர்கள் இவற்றை ஷைனி என்பார்கள். ஓர் ஏரியில் எல்லோருக்கும் கட்டாயம் தென்படும் சிவப்புக் கயரடோஸ் இதற்கு அறிமுகம்; வழக்கமாக அந்த மீன் நீல நிறம். மற்ற உயிரிகள் ஷைனியாகத் தோன்றும் வாய்ப்பு 8192இல் 1. அதே பதிப்புகளில் எழுத்து வடிவம் கொண்ட அன்னோன் 26 வடிவங்களில் வந்தது. பின்னர் வினாக்குறியும் வியப்புக்குறியும் சேர்ந்து 28 ஆயின.

ஆடுபவரின் எண்

2002இல் ரூபி, சஃபையர் பதிப்புகள் வந்தபோது ஷைனி கணக்கு மாறியது. இந்த மாற்றம் வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மாற்றுருக்களின் வரலாற்றில் மிகவும் நுட்பமான அடி இதுதான். ஒவ்வோர் உயிரிக்கும் பிறக்கும்போதே 32 பிட் எண் ஒன்று தரப்படுகிறது. ஆடுபவருக்கும் இரண்டு 16 பிட் எண்கள் உண்டு: ஒன்று அடையாள அட்டையில் தெரியும், மற்றது அவருக்கே காட்டப்படாத மறை எண். உயிரியின் எண்ணை இரண்டாகப் பிளந்து, ஆடுபவரின் இரண்டு எண்களோடு இருமக் கணக்கில் கலக்கிறார்கள். விடை எட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த உயிரி ஷைனி. 65,536 சாத்தியங்களில் எட்டு என்பதால் வாய்ப்பு பழையபடி 8192இல் 1 ஆகவே நிற்கிறது.

இதன் விளைவு ஆழமானது. ஓர் உயிரி தானாகவே அரியது என்று சொல்ல இங்கே இடமில்லை. ஒருவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் அதே எண்ணுடைய உயிரி இன்னொருவருக்கு நிறம் மாறித் தோன்றும். அருமை உயிரிக்குள் இல்லை, உயிரியும் ஆடுபவரும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. பிடித்த பிறகு முதல் உரிமையாளரின் எண்ணும் அதோடு ஒட்டிக்கொள்வதால், யாருக்குக் கை மாறினாலும் நிறம் மாறாது. 2013இல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில் வரம்பை எட்டிலிருந்து பதினாறாக உயர்த்தி வாய்ப்பை 4096இல் 1 ஆக்கினார்கள். கணக்கின் அமைப்பு அப்படியே இருந்தது.

அதே 32 பிட் எண்ணை ஸ்பிண்டா என்ற பாண்டாவுக்கு வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். அதன் முகத்தில் நான்கு புள்ளிகள். ஒவ்வொன்றின் இடத்தையும் எட்டு பிட்கள் தீர்மானிக்கின்றன. மொத்தம் 429 கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள். ஒருவர் வாழ்நாள் முழுதும் பிடித்தாலும் சேகரிப்பு முடியாது. ஆனால் ஷைனிக்கு இருக்கும் ஈர்ப்பில் நூறில் ஒரு பங்குகூட ஸ்பிண்டாவுக்கு இல்லை. ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையதாகிவிட்டால், அடுத்தது எது என்று எதிர்பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய, விரல் விட்டு எண்ணக்கூடிய மாற்றுருக்களே சேகரிப்பவரை இழுக்கின்றன. பிந்திய வடிவமைப்பாளர்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

2006இல் டைமண்ட், பேர்ல் பதிப்புகளில் இன்னொரு விதி நுழைந்தது. வெவ்வேறு மொழிப் பதிப்புகளிலிருந்து வந்த இரண்டு உயிரிகளை இணை சேர்த்து முட்டை பெற்றால், குஞ்சு ஷைனியாகும் வாய்ப்பு பல மடங்கு கூடும். வடிவமைப்பாளர் ஜூனிச்சி மசுதாவின் பெயரால் இதை மசுதா முறை என்கிறார்கள். ஜப்பானிய மொழிப் பதிப்பு வைத்திருப்பவருக்கு ஆங்கிலப் பதிப்புக்காரரின் உதவி தேவைப்பட்டது, அவருக்கு இவருடையது. அறிமுகமில்லாத நாட்டவரோடு மாற்றிக்கொள்ள இதைவிட நேரான காரணத்தை எந்த ஆட்டமும் கொடுத்ததில்லை.

ஆடுபவரின் செயல், ஆடுபவரின் வீடு

செயலுக்கேற்ப உருமாறும் உயிரிகளில் முதலில் சொல்ல வேண்டியது பர்மி. கூட்டைச் சுமந்து திரியும் அந்துப்பூச்சிப் புழுவை ஒத்த இது, கடைசியாக எந்த இடத்தில் சண்டையிட்டதோ அந்த இடத்துப் பொருளால் போர்வை கட்டிக்கொள்ளும்: புல்வெளியில் இலை, குகையில் மணல், கட்டடத்துக்குள் குப்பை. பெண் பர்மி வளர்ந்து வார்மடாம் ஆகும்போது அந்தப் போர்வை நிரந்தரமாகிவிடும். ஆண் பர்மியோ எந்தப் போர்வையிலிருந்து வந்தாலும் ஒரே தோற்றமுடைய மோத்திம் ஆகும். பெண்ணுக்கு மட்டும் பல வடிவம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு இயற்கையில் ஒரு சோடி உண்டு. அது பின்னால் வருகிறது.

2019இல் வந்த அல்க்ரமி இந்த வகையின் உச்சம். ஓர் இனிப்பை உயிரியிடம் கொடுத்து, ஆடுபவர் தன் பாத்திரத்தை நின்ற இடத்திலேயே சுழற்ற வேண்டும். வலம் சுற்றியதா இடம் சுற்றியதா, எவ்வளவு நேரம், பகலா இரவா என்பதைப் பொறுத்து ஒன்பது வகைக் குழைவும், கொடுத்த இனிப்பைப் பொறுத்து ஏழு வகை அலங்காரமுமாக 63 வடிவங்கள் கிடைக்கும். கடிகாரத்தை நம்பிய வேறு உயிரிகளும் உண்டு. 2010இல் வந்த டீர்லிங் என்ற மான், மாதத்துக்கு ஒருமுறை மாறும் பருவத்தோடு நிறம் மாற்றியது.

போக்கிமானுக்கு வெளியே, ஆடுபவரின் வீட்டு அலமாரியையே ஆட்டத்துக்குள் இழுத்து வந்தது டெக்மோ நிறுவனம் 1997இல் வெளியிட்ட மான்ஸ்டர் ரான்ச்சர். பிளேஸ்டேஷனில் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு குறுவட்டைப் போட்டால், அதிலுள்ள தரவைப் படித்து அதற்குரிய பூதம் ஒன்றை ஆட்டம் பிறப்பிக்கும். பாட்டுக் குறுவட்டாக இருந்தாலும் சரி, வேறோர் ஆட்டமாக இருந்தாலும் சரி. அதற்கும் முன்னால், 1991இல், கடைப் பொருள்களின் பட்டைக் குறியீட்டைத் தேய்த்து வீரர்களை உருவாக்கும் பார்கோட் பேட்லர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒருவர் எதை வாங்குகிறார், எதைக் கேட்கிறார் என்பதே அவருடைய சேகரிப்பைத் தீர்மானித்தது. 2020இல் வந்த அனிமல் கிராசிங் இதே எண்ணத்தை மென்மையாக்கியது. ஒவ்வொருவரின் தீவுக்கும் ஆப்பிள், செர்ரி, ஆரஞ்சு, பீச், பேரிக்காய் ஆகிய ஐந்தில் ஒரு பழம்தான் சொந்தம். தீவுக் கடையில் விற்கும் பல மரச்சாமான்கள் ஒரே ஒரு நிறத்தில்தான் வரும். மற்ற நிறம் வேண்டுமென்றால் இன்னொருவரின் தீவுக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். ஊரடங்குக் காலத்தில் அந்த ஆட்டம் அத்தனை வீடுகளுக்குள் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினெட்டுச் சிறகுக் கோலங்கள்

இடத்தோடு பிணைந்த மாற்றுருக்களில் மிகச் செறிவானது விவில்லான் என்ற வண்ணத்துப்பூச்சி. 2013 அக்டோபர் 12இல் உலகெங்கும் வெளியான எக்ஸ், ஒய் பதிப்புகளில் இது அறிமுகமானது. முதலில் ஸ்கேட்டர்பக் என்ற புழு, பிறகு ஸ்பியூபா என்ற கூடு, அதிலிருந்து விவில்லான். உலகில் எந்த மூலையில் பிடித்தாலும் புழு ஒரே மாதிரி இருக்கும்; கூடும் அப்படியே. சிறகு விரியும்போதுதான் கோலம் தெரியும். பனி, துருவம், தோட்டம், புல்வெளி, மணற்புயல், ஆறு, காடு, தீவுக்கூட்டம், பருவமழை என்று பெயர் பெற்ற பதினெட்டுக் கோலங்களில் எது வரும் என்பதை, ஆடுபவர் தன் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியில் பதிந்திருக்கும் நாடும் மாநிலமும் முடிவு செய்தன. இவற்றைத் தவிர நிகழ்ச்சிகளில் மட்டும் வழங்கப்பட்ட இரண்டையும் சேர்த்தால் இருபது. வாழிடத்தின் தட்பவெப்பமே கோலத்தை வகுக்கிறது என்பது ஆட்டத்துக்குள் சொல்லப்படும் காரணம்.

ஒருவருக்கு அவருடைய பகுதிக் கோலம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். மற்ற பதினேழும் தானாகக் கிடைக்கவே கிடைக்காது. முதல் பதிப்பின் சிவப்பு, பச்சைப் பிரிவினை இங்கே உலக வரைபடமாக விரிந்துவிட்டது. இதில் இந்தியாவோடு சேர்த்துச் சொல்லப்படும் கோலம் பருவமழை. ஆனால் நிண்டெண்டோ கருவிகள் இந்தியாவுக்குப் பெரும்பாலும் இறக்குமதிக் கடைகள் வழியாகவே வந்தன. அந்தக் காலத்தில் பருவமழைக் கோலத்தை இந்தியாவிலிருந்து உலகத்துக்கு அனுப்பியவர்கள் மிகச் சிலராகவே இருந்திருக்க வேண்டும்.

நிலைமையை மாற்றியது கைப்பேசி. நியாண்டிக் நிறுவனத்தின் போக்கிமான் கோ 2016 ஜூலையில் சில நாடுகளில் தொடங்கியது. இந்தியாவில் ரிலையன்ஸ் ஜியோவுடன் சேர்ந்து 2016 டிசம்பர் 14இல் முறைப்படி வந்தது. இந்த ஆட்டத்தில் இடம் என்பது கருவியில் தேர்ந்தெடுக்கும் ஒரு வரி அமைப்பு இல்லை; செயற்கைக்கோள் அளந்து சொல்லும் அட்சமும் தீர்க்கமும். டோர்கோல் என்ற ஆமை தெற்காசியப் பகுதிக்கு உரியது. அமெரிக்கக்காரருக்கு அது காட்டில் அகப்படாது. கொர்சோலா என்ற பவளம் வெப்பமண்டலக் கரையோரங்களுக்கு உரியது. ஃப்ளாபெபே என்ற உயிரி கையில் ஏந்தும் பூ ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் சிவப்பு, ஆசிய–பசிபிக் பகுதியில் நீலம், அமெரிக்கக் கண்டங்களில் மஞ்சள். ஃபர்ஃப்ரூ என்ற நாய்க்குப் பிரான்சில் ஒரு முடிவெட்டு, ஜப்பானில் ஒன்று, எகிப்தில் ஒன்று. இவற்றோடு வானிலையும் சேர்ந்தது. 2017 டிசம்பர் முதல் ஆடுபவர் இருக்கும் இடத்து வானிலையை ஆட்டம் எடுத்துக்கொள்கிறது. மழையென்றால் நீர், மின், பூச்சி வகை உயிரிகள் பெருகும். மூடுபனியென்றால் பேய், இருள் வகை. மேல்மலையில் மூடுபனி இறங்கும் மாலைகளில் இந்த விதிக்குக் கிடைக்கும் பொருத்தம் சமவெளிக்குக் கிடைக்காது.

விவில்லான் 2022 டிசம்பரில் போக்கிமான் கோவுக்கு வந்தது. இங்கே விதியைத் தலைகீழாக்கினார்கள். ஆடுபவர் நிற்கும் இடம் எதையும் தீர்மானிப்பதில்லை. ஸ்டாப் எனப்படும் வரைபடப் புள்ளிகளில் கிடைக்கும் பரிசுப் பொதியை நண்பர்களுக்கு அனுப்பலாம். பொதியோடு அந்த இடத்தின் படம் பதித்த அஞ்சலட்டை ஒன்றும் போகும். பெறுபவர் அந்த அட்டையைத் தன் ஏட்டில் குத்திவைத்தால், பொதி எடுக்கப்பட்ட பகுதிக்குரிய கணக்கில் ஒன்று ஏறும். போதிய அட்டைகள் சேர்ந்ததும் அந்தப் பகுதியின் ஸ்கேட்டர்பக் வந்து நிற்கும். புழுவைக் கூடாக்க ஆட்டத்தில் சேரும் மிட்டாய்கள் 25 வேண்டும், கூட்டை வண்ணத்துப்பூச்சியாக்க 100. பதினெட்டையும் சேர்க்கப் பதினெட்டுத் திசைகளில் நண்பர்கள் வேண்டும். ஊர் ஊராகப் பயணம் போகும் வசதியுள்ளவருக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. இதே 2022இல் வெளியான ஸ்கார்லெட், வயலட் பதிப்புகளிலும் போக்கிமான் கோவிலிருந்து ஓர் அட்டையை அனுப்பினால், ஒரு நாள் முழுதும் அந்த அட்டையின் பகுதிக் கோலம் காட்டில் தோன்றும்.

மலையில் பறக்கும் மாற்றுருக்கள்

விளையாட்டு விதிகளைக் கற்பனை என்று மட்டும் எண்ணுபவர்கள் பழனிமலையின் வண்ணத்துப்பூச்சிகளை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே இந்த விதிகள் எல்லாமே வேறு உருவில் இருக்கின்றன.

அந்தி நேரத்தில் தாழப் பறக்கும் மெலானிடிஸ் லீடா தென்னிந்தியா முழுதும் காணப்படும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி. மழைக்காலத் தலைமுறையின் பின்சிறகில் கண் போன்ற வட்டங்கள் வரிசையாக இருக்கும். வறண்ட காலத் தலைமுறையில் வட்டங்கள் சுருங்கி மறைந்து, சிறகு காய்ந்த சருகு போல ஆகிவிடும். முட்டை ஒன்றுதான், மரபணு ஒன்றுதான். புழுவாக இருந்தபோது பட்ட தட்பவெப்பம் சிறகை மாற்றுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க இனமான பைசைக்ளஸ் அனைனானாவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, 27 பாகை செல்சியஸ் அளவில் வளர்ந்த புழுக்கள் மழைக்கால வடிவமும், 20 பாகை அளவில் வளர்ந்தவை வறட்சிக்கால வடிவமும் பெற்றன. உள்ளே வேலை செய்வது ஹார்மோன் சுரக்கும் நேரத்தில் ஏற்படும் வேறுபாடு. ஐரோப்பாவின் அராஸ்கினியா லெவானாவில் வசந்த காலத் தலைமுறையும் கோடைத் தலைமுறையும் எவ்வளவு வேறுபடும் என்றால், லின்னேயஸ் அவற்றை இரண்டு தனி இனங்களாகப் பெயரிட்டார். புழு ஒன்றாக இருந்து சிறகில் மட்டும் வாழிடம் தெரியும் என்ற விவில்லானின் விதி உயிரியலுக்கு முரணானதே இல்லை.

பெண்ணுக்கு மட்டும் பல வடிவம் என்ற பர்மியின் விதிக்குச் சோடி, கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் புழுப் பருவத்தைக் கழிக்கும் கறிவேப்பிலை அழகி. ஆண்கள் எல்லாம் ஒரே தோற்றம்: கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை. பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று, பறவைகள் உண்ணத் தயங்கும் ரோஜா அழகியைப் போன்றது. மூன்றாவது, அதேபோல் நச்சுடைய சிவப்புடல் அழகியை ஒத்தது. இங்கே வடிவத்தை வகுப்பது வானிலை இல்லை, மரபணு. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே தலைமையிலான குழு, பால் வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இந்தப் போலித் தோற்றத்தையும் நடத்துகிறது என்பதை 2014இல் நேச்சர் இதழில் வெளியிட்டது.

இடத்தோடு பிணைந்த உயிரிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே எங்கும் இல்லாத ஆர்ஜின்னிஸ் காஸ்டெட்சி, ஆங்கிலப் பொதுப்பெயரில் பழனிமலையைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. இந்த மலையில் பூச்சி சேகரிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இயேசு சபையினர் 1895இல் தொடங்கிய செண்பகனூர் திருஇருதயக் கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குருமார்கள் திரட்டிய உயிரினத் தொகுப்புகள் இருக்கின்றன. இன்று அந்த வழியில் சேகரிக்க முடியாது, கூடாது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின், காட்டில் அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம்.

ஆட்டத்தின் வரைபடமும் மலையின் வரைபடமும் முரண்படும் இடம் நுணுக்கம். பருவமழைக் கோலம் ஒன்றே பெரும் நிலப்பரப்பை மூடிவிடுகிறது. மலையில் ஒரே சரிவின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் பூச்சி மாறும். பழனிமலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட கிளை என்பதால் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழையே பல சரிவுகளுக்குப் பெரிது. இதை எந்தச் சிறகுக் கோலமும் காட்டுவதில்லை. பதினெட்டு என்ற எண்ணிக்கை நினைவில் நிற்கிறது. அதற்குக் கொடுத்த விலை, உள்ளூர் என்பதையே அழித்துவிட்டது.

புள்ளிகள் இல்லாத வரைபடம்

ஆடுபவருக்கேற்ப மாறும் ஆட்டம் என்றால், எந்தத் தரவை வைத்து மாறுகிறது என்ற கேள்வி கட்டாயம் எழும். போக்கிமான் கோவின் ஸ்டாப்களும், சண்டைக் களங்களான ஜிம்களும் நியாண்டிக்கின் முந்தைய ஆட்டமான இன்கிரெஸில் ஆட்டக்காரர்கள் படம் எடுத்து அனுப்பிய இடங்களிலிருந்து வந்தவை. 2012இல் தொடங்கிய அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் பெரும்பாலும் நகரவாசிகள். சிலையும் பூங்காவும் சுவரோவியமும் நிறைந்த பகுதிகள் புள்ளிகளால் மூடப்பட்டன. கிராமங்கள் வெறுமையாகவே நின்றன. இந்தியாவில் ஜியோ ஒப்பந்தத்தின்படி ரிலையன்ஸ் கடைகள் ஆயிரக்கணக்கில் ஸ்டாப்களாகவும் ஜிம்களாகவும் சேர்ந்தன. கடை இருக்கும் ஊருக்கே மேலும் புள்ளி. அடிப்படை வரைபடம் 2017 டிசம்பரில் கூகுளிலிருந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறியது. அது தன்னார்வலர்கள் வரைவது. யாரும் வரையாத மலைப்பாதை அதில் இருக்காது.

விளைவை எளிதில் கணிக்கலாம். பெருநகரப் பூங்காவில் உட்கார்ந்த இடத்திலேயே ஐந்தாறு ஸ்டாப்களைச் சுழற்றும் ஒருவருக்கும், மேல்மலைச் சாலையில் அடுத்த ஸ்டாப்புக்கு அடுத்த ஊர்வரை போக வேண்டிய ஒருவருக்கும் ஆட்டம் ஒன்றாக இருக்க முடியாது. எறிந்து பிடிக்கும் பந்து தீர்ந்தால் உயிரியைப் பிடிக்க முடியாது. பந்து கிடைப்பது ஸ்டாப்பில். மாற்றுரு எவ்வளவு அரியது என்பதற்கு வடிவமைப்பாளர் வைத்த எண் எதுவாகவும் இருக்கலாம். அதைத் தாண்டி ஓர் உயிரியைச் சந்திக்கும் வாய்ப்பே குறைவாக இருக்கும் ஊரில் அந்த எண்ணுக்குப் பொருள் வேறு. கிராமப்புற ஆட்டக்காரர்களின் இந்தக் குறை 2016இலேயே பல நாடுகளிலிருந்து எழுந்தது. அது முற்றிலும் நியாயமானது.

ஆட்டம் தன்னைத் திருத்திக்கொண்ட ஒரு காலம் உண்டு. 2020 ஊரடங்கில், ஸ்டாப்பைத் தொடும் தூரம் 40 மீட்டரிலிருந்து 80 மீட்டரானது. தொலைவிலிருந்தே கூட்டுச் சண்டையில் சேரும் ரிமோட் ரெய்டு அனுமதிச் சீட்டு அந்த ஏப்ரலில் வந்தது. நோய்க்காகச் செய்த மாற்றம் என்றாலும், முதன்முறையாகத் தூரத்து ஊர்க்காரரும் நகரக் கூட்டத்தோடு ஒரே களத்தில் நிற்க முடிந்தது. 2021 ஆகஸ்டில் சில நாடுகளில் தூரத்தைப் பழையபடி குறைத்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே மாதத்தில் 80 மீட்டரை நிலைப்படுத்தினார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் ரிமோட் சீட்டின் விலையை உயர்த்தி, நாளொன்றுக்கு ஐந்து என்று வரம்பு கட்டினார்கள். மக்களை வெளியே நடக்கவைப்பதே நோக்கம் என்றது நிறுவனம். வெளியே நடந்தாலும் ஜிம் இல்லாத ஊர்களுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை.

மொழியிலும் இதே கேள்வி எழுகிறது. 2023இல் போக்கிமான் கோவுக்கு இந்தி வடிவம் வந்தது; நூற்றுக்கணக்கான உயிரிகளுக்கு இந்தியில் பெயர் தரப்பட்டது. தமிழ் அப்போது சேர்க்கப்படவில்லை. போக்கிமான் தொடரைத் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் மாநிலத்தில் இது சிறிய குறை இல்லை.

கவுஞ்சியின் மதிப்பு

அஞ்சலட்டை விதி இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு புரட்டிப் போடுகிறது. ஒரு மலைக் கிராமத்தில் ஒரே ஒரு ஸ்டாப் இருந்தாலும் போதும். அங்கிருந்து எடுக்கும் பொதி, சென்னையில் எடுக்கும் பொதிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பிரேசிலிலோ பின்லாந்திலோ இருப்பவருக்கு, தன் நாட்டில் எத்தனை ஆயிரம் ஸ்டாப்கள் இருந்தாலும் பருவமழைக் கோலம் கிடைக்காது. இந்தியா போன்ற அந்தக் கோலத்துக்குரிய பகுதியில் நண்பர் ஒருவர் வேண்டும். பதிலுக்கு அந்த வெளிநாட்டவர் அனுப்பும் அட்டையால் துருவக் கோலமோ காட்டுக் கோலமோ மேல்மலைக்கு வந்து சேரும். மேலும் அந்த அட்டையில் இருப்பது உண்மையான இடத்தின் படம்: ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு பேருந்து நிழற்குடை. மாற்றுருச் சேகரிப்பு இத்தனை ஆண்டுகளில் கண்டுபிடித்த விதிகளில் மிக நேர்மையானது இதுவே. பணமோ பயணமோ அதிர்ஷ்டமோ இதில் முதன்மையாக இல்லை. தான் இருக்கும் ஊரே ஒருவருடைய முதல்.

இதை ஏய்க்க வழி இருக்கிறது. கைப்பேசியின் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் ஸ்பூஃபிங் மூலம் ஒரே அறையிலிருந்து உலகம் முழுதும் பொதி எடுக்கலாம். நிறுவனம் அத்தகைய கணக்குகளை எச்சரித்து முடக்குகிறது. விற்பனைக்கு உயிரி பிடிப்பவர்களை விட்டுவிட்டால், இந்த ஏமாற்றில் ஒரு பகுதி புள்ளிகளே இல்லாத ஊர்களில் பிறப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. நண்பராகச் சேரப் பன்னிரண்டு இலக்க எண் போதும். அறியாதவர்களுக்குப் போகும் அட்டைகள், சிறுவர் ஒருவர் அன்றாடம் நடமாடும் இடங்களைத் தொடர்ந்து காட்டிக்கொடுக்கும். வீட்டுக்கு மிக அருகில் எடுத்த பொதிகளை அறிமுகமில்லாதவர்களுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது.

சேகரிப்பின் ஆயுள் இன்னொரு கவலை. 3டிஎஸ் கருவியின் இணையச் சேவை 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதோடு, எக்ஸ், ஒய் பதிப்புகளில் உலகெங்கும் நடந்த விவில்லான் பரிமாற்றம் நின்றுபோனது. போக்கிமான் கோ 2025இல் 350 கோடி டாலர் விற்பனையில் வேறு சில நியாண்டிக் ஆட்டங்களோடு ஸ்கோப்லி நிறுவனத்துக்குக் கைமாறியது. எத்தனை ஆண்டுகள் வழங்கி இயங்குமோ அத்தனை ஆண்டுகள்தான் அதிலுள்ள கோலங்களும் இருக்கும்.

மேல்மலைக்குப் புள்ளிகள் வருவதற்கு இருக்கும் வழி, ஆட்டக்காரர்களே இடங்களைப் பரிந்துரைக்கும் வேஃபேரர் திட்டம். பண்பாட்டுச் சிறப்புள்ள இடம், மக்கள் கூடும் இடம், நடைபாதை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் படத்தோடும் விளக்கத்தோடும் அனுப்பலாம். மற்ற ஆட்டக்காரர்கள் பரிசீலித்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள். தனியார் வீடுகளும் பள்ளி வளாகங்களும் ஏற்கப்படுவதில்லை. சிறு கிராமத்தில் பலரும் கூடும் பொது இடம் பள்ளியாகவே இருப்பதால் இந்த விதி அங்கே கூடுதலாகக் கடிக்கிறது. பூமியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சுமார் 70 மீட்டர் அகலமுள்ள கட்டம் ஒன்றுக்கு ஒரே ஸ்டாப் என்ற வரம்பும் உண்டு. வீடுகள் நெருங்கி அமைந்த மலையூரில் கோயிலும் சாவடியும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடக்கூடும். பரிந்துரைக்கும் தகுதிக்கு ஆட்டத்தில் 37ஆம் நிலையை எட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. ஸ்டாப் இல்லாத ஊரில் அந்த நிலையை எட்டுவது கடினமாக இருந்தது. அந்த நிலையை எட்டாமல் ஸ்டாப் கேட்கவும் முடியவில்லை. விடுமுறைக்குக் கொடைக்கானல் வரும் நகர ஆட்டக்காரர்கள் ஏரியைச் சுற்றியே நின்றுவிடாமல் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வரை போய், ஊரார் ஒப்புதலோடு அங்குள்ள பொது இடங்களைப் பரிந்துரைப்பது இப்போதைக்கு நடைமுறையில் சாத்தியமான தீர்வு. நிரந்தரத் தீர்வு, மக்கள்தொகை குறைந்த பகுதிகளுக்குத் தகுதி நிலையைத் தாழ்த்துவது. அது ஆட்டத்தை நடத்துபவர்களின் கையில் இருக்கிறது.